எலுமிச்சைக்குத் தாய் யார்? தந்தை யார்?

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பது பழமொழி. பிள்ளையைப் பார்த்தால் தாயைத் தெரிந்துகொள்ளலாம் என்பது இதன் கருத்து. ஆனால் தோட்டத்தில் நிற்கும் எலுமிச்சை மரத்தைக் காட்டி, 'இதன் தாய் எது, தந்தை எது?' என்று கேட்டால், அண்மைக் காலம் வரை தாவரவியல் வல்லுநர்களாலும் உறுதியாகப் பதில் கூற முடியாத நிலை இருந்தது. இப்போது அதற்கு விடை கிடைத்துள்ளது. விடையைத் தந்தது மரத்தின் உருவம் அன்று. அதன் இலைக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளே ஆகும்.

நம் நாட்டில் மா, வாழைக்கு அடுத்தபடியாக முக்கிய இடம் பெறுபவை எலுமிச்சை இனப் பழங்கள். எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, நாரத்தை, பம்ப்ளிமாஸ் எல்லாம் இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தென்காசி மாவட்டத்தில் புளியங்குடி வட்டாரம் எலுமிச்சைக்குப் பெயர் பெற்றது. பழனி கீழ்மலைப் பகுதியும் சேர்வராயன் மலையும் கமலா ஆரஞ்சுக்குப் பெயர் பெற்றவை. இந்தப் பயிர்களின் குல வரலாற்றைத் தெரிந்துகொள்வதால் விவசாயிக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். எந்த வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுவது, விதையில் எந்த நாற்றை வைத்துக்கொள்வது, ஒரு நோய் வந்தால் தோட்டம் முழுவதும் ஏன் ஒருசேர நலிகிறது ஆகிய கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

இரு அறிஞர்கள், இரு கணக்குகள்

எலுமிச்சை இனத்தில் மொத்தம் எத்தனை சிற்றினங்கள் உள்ளன என்பதில் நெடுங்காலம் வழக்கு இருந்து வந்தது. அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் வால்டர் சுவிங்கிள் 1943ஆம் ஆண்டு வெளியிட்ட பகுப்பில் 16 சிற்றினங்களே இருந்தன. ஜப்பானிய அறிஞர் தனாகாவோ, தமது ஆய்வை விரிவாக்கிக்கொண்டே சென்று 1977ல் 162 சிற்றினங்கள் எனக் கணக்குக் காட்டினார். ஒரே குடும்பத்தைப் பார்த்த இருவர் ஒருவருக்கொருவர் பத்து மடங்கு வேறுபட்டனர்!

இருவரும் இலை, பூ, கனி ஆகியவற்றின் தோற்றத்தைக் கொண்டே வகைப்படுத்தினர். எலுமிச்சை இனமோ தோற்றத்தால் ஏமாற்றக் கூடியது. இதில் ஒன்று மற்றொன்றுடன் எளிதில் இனம் கலக்கும். கலந்து பிறந்த செடியை விதை மூலம் பெருக்கினாலும் பெரும்பாலும் அப்படியே வரும். 'விதையிலிருந்து மாறாமல் வருகிறதே, இது தனிச் சிற்றினமாகத்தான் இருக்க வேண்டும்' என்று எண்ணி, ஒட்டுப் பிறவிகளுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் சூட்டிவிட்டனர். ஊருக்கு ஊர் பெயர் மாறுவதும் குழப்பத்தை அதிகமாக்கியது. ஓர் ஊரில் நாரத்தை என்று அழைக்கப்படுவது அடுத்த ஊரில் கடாரங்காய் எனப்படுவதை நம் விவசாயிகளே அறிவர்.

1975, 1976ஆம் ஆண்டுகளில் ஸ்கோரா என்பவரும், பாரெட், ரோட்ஸ் என்ற இருவரும் ஒரு புதிய கருத்தை வெளியிட்டனர். உண்ணும் எலுமிச்சை இனங்கள் பலவற்றிற்கும் மூலம் மூன்றே மூன்று. அவை சிட்ரான் என்னும் தடித்த தோல் நாரத்தை, பம்ப்ளிமாஸ், மாண்டரின் என்னும் கமலா ஆரஞ்சு. மற்றவை பெரும்பாலும் இவற்றின் கலப்பால் பிறந்தவை என்றனர். அது சரியான வழி என்பதைப் பின்னர் டி.என்.ஏ. ஆய்வு மெய்ப்பித்தது. மூன்றுடன் இன்னும் சில காட்டு மூதாதையரும் சேர வேண்டும் என்பது மட்டுமே அது செய்த திருத்தம்.

இலைக்குள் இருக்கும் குலவரலாறு

டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட மிக நீண்ட எழுத்துக்கோவை என்று வைத்துக்கொள்ளலாம். சாத்துக்குடியில் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 37 கோடி எழுத்துக்கள் உள்ளன. இவை 9 இணைக் குரோமோசோம்களில் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. மண், உரம், நீர், பருவம் ஆகியவற்றுக்கு ஏற்ப இலையும் கனியும் மாறலாம். இந்த எழுத்துக்கோவை அவற்றால் மாறுவதில்லை.

ஓர் இளம் இலையை நசுக்கி, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதன் எழுத்துக்களைப் படிக்கிறார்கள். பின்னர் தூய நாரத்தை, தூய பம்ப்ளிமாஸ், தூய மாண்டரின் ஆகியவற்றின் எழுத்துக்களோடு ஒப்பிடுகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் எந்த மூதாதையின் எழுத்து நிற்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

தாய் எது, தந்தை எது என்று பிரித்தறியவும் ஒரு வழி உண்டு. இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்திற்குள் சிறிதளவு தனி டி.என்.ஏ. இருக்கிறது. எலுமிச்சை இனத்தில் அது தாய் வழியாக மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. ஆகவே பசுங்கணிகத்தைச் சோதித்தால் தாய் வழி தெரியும். மீதிப் பங்கைப் பார்த்தால் தந்தை வழி தெரியும். நிலத்தின் பழைய பத்திரத்தை எடுத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பார்ப்பதைப் போன்றது இது.

யாருக்கு யார் பிள்ளை?

நம் ஊர்ச் சிறு எலுமிச்சையை எடுத்துக்கொள்வோம். அதன் குரோமோசோம் இணைகளில் ஆதி முதல் அந்தம் வரை ஒரு பக்கம் நாரத்தையின் எழுத்தும், மறுபக்கம் பிலிப்பைன்ஸ் தீவுகளின் காட்டு எலுமிச்சையான மைக்ராந்தாவின் எழுத்தும் நிற்கின்றன. இரு பக்கமும் ஒருவருடையதே என்ற இடம் எங்கும் இல்லை. அப்படியானால் இது முதல் தலைமுறைக் கலப்பு. பசுங்கணிகம் மைக்ராந்தாவினுடையது. எனவே எலுமிச்சைக்குத் தாய் பிலிப்பைன்ஸ் காட்டு மரம், தந்தை நாரத்தை. ஊறுகாய்ப் பானையில் எலுமிச்சையும் நாரத்தையும் தனித்தனியே கிடந்தாலும் அவை மகனும் தகப்பனும் ஆகும்!

கசப்பு ஆரஞ்சுக்குத் தாய் பம்ப்ளிமாஸ், தந்தை தூய மாண்டரின். மேல்நாடுகளில் பெருமளவு பயிராகும் மஞ்சள் நிற லெமனுக்குத் தாய் இந்தக் கசப்பு ஆரஞ்சு, தந்தை நாரத்தை. அதனால்தான் லெமனில் பாதி நாரத்தையாகவும், மறுபாதி பம்ப்ளிமாஸும் மாண்டரினும் கலந்ததாகவும் காணப்படுகிறது. சாத்துக்குடி சேர்ந்த இனிப்பு ஆரஞ்சு வகையும் பம்ப்ளிமாஸ், மாண்டரின் இரண்டின் வழி வந்ததே. ஆனால் ஒரே கலப்பில் பிறந்ததன்று. பல தலைமுறைக் கலப்பின் விளைவு. அதன் பசுங்கணிகமும் பம்ப்ளிமாஸ் வழியே வந்துள்ளது. இன்று உண்ணும் மாண்டரின் வகைகளில் பெரும்பாலானவற்றிலும் பம்ப்ளிமாஸின் சிறு பங்கு கலந்திருப்பது தெரியவந்துள்ளது. மேற்கிந்தியத் தீவுகளில் 18ஆம் நூற்றாண்டில் தோன்றி, தனிச் சிற்றினம் என்றே பெயர் பெற்றிருந்த கிரேப்புரூட், பம்ப்ளிமாசும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து பிறந்தது.

இந்தக் கலப்புக்களில் ஓர் ஒழுங்கு உண்டு. நாரத்தை எங்கு வந்தாலும் தந்தையாகவே வருகிறது. பம்ப்ளிமாஸ் பெரும்பாலும் தாயாகவே நிற்கிறது.

நம் விவசாயிகளுக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இதில் அடங்கியுள்ளது. ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாகப் பயன்படும் ரங்கபூர் எலுமிச்சை, ஜம்பேரி எனப்படும் கரடு எலுமிச்சை ஆகிய இரண்டும் தோற்றத்தில் வேறுபட்டவை. ரங்கபூர் எலுமிச்சையின் பழம் ஆரஞ்சு நிறம். ஜம்பேரியின் பழம் மஞ்சள் நிறத்தில் கரடாக இருக்கும். ஆனால் டி.என்.ஏ. கணக்கில் இரண்டுமே மாண்டரின் தாய்க்கும் நாரத்தைத் தந்தைக்கும் பிறந்தவை. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

விதையில் ஒரு விந்தை

ஒரு எலுமிச்சை விதையை ஊன்றினால் சில சமயம் இரண்டு மூன்று நாற்றுக்கள் வருவதைப் பலர் கண்டிருப்பர். இவற்றில் மகரந்தச் சேர்க்கையால் உண்டான நாற்று ஒன்று இருக்கலாம். மற்றவை தாய் மரத்தின் சூல் திசுவிலிருந்தே நேரடியாகத் தோன்றியவை. இவற்றில் தந்தையின் பங்கு எதுவும் இல்லை. பழமொழி சொல்வதைப் போல, தாயைப் போலவே பிள்ளை. அச்சு அசல் தாயே.

இதற்குக் காரணமான மரபணுவை 2017ல் சீன நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். அந்த மரபணுவின் முன்பகுதியில் ஒரு சிறு டி.என்.ஏ. துண்டு எப்போதோ வந்து செருகிக்கொண்டுள்ளது. துண்டு செருகியுள்ள வகைகளில் ஒரு விதையில் பல கருக்கள் உண்டாகின்றன. நாரத்தையும் பம்ப்ளிமாஸும் ஒரே கரு உடையவை. அவற்றின் விதை நாற்றுக்கள் தாயைப் போல வருவதில்லை. எனவேதான் அவற்றைப் பதியன் அல்லது மொட்டு ஒட்டு மூலம் பெருக்க வேண்டியுள்ளது.

சுவிங்கிளும் தனாகாவும் பத்து மடங்கு வேறுபட்டதற்கு இந்த விதையே பெரிதும் காரணம். ஒருமுறை கலந்து பிறந்த நல்ல மரம், விதை மூலமும் ஒட்டு மூலமும் தன்னையே பல லட்சம் படிகளாக எடுத்துக்கொண்டது.

பிறந்த இடம் எது?

2018ஆம் ஆண்டு அமெரிக்கா, ஸ்பெயின் நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த 60 வகைகளின் முழு டி.என்.ஏ.வை ஒப்பிட்டு முடிவு வெளியிட்டனர். இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தில், அதாவது அசாமின் கிழக்குப் பகுதி, வட மியான்மர், சீனாவின் மேற்கு யுன்னான் ஆகிய வட்டாரத்தில் இந்த இனம் தோன்றியது என்றும், 60 முதல் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுக்குறைந்த காலத்தில் பல கிளைகளாகப் பிரிந்தது என்றும் அவர்கள் கூறினர். ஒரு கிளை சுமார் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவில் பரவியது.

2023ல் 314 வகை மாதிரிகளை ஒப்பிட்ட மற்றோர் ஆய்வு, எலுமிச்சை இனத்தின் முதன்மைத் தோற்ற இடம் தென்மத்திய சீனா என்கிறது. ஆனால் எலுமிச்சையின் பங்காளிகளான நெருங்கிய பேரினங்களின் பூர்வீகம் பண்டைய இந்திய நிலத்தட்டு என்றும் அதே ஆய்வு கூறுகிறது. நம் ஊர் வில்வம், விளா, குருந்து, கறிவேப்பிலை ஆகியவை இந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவையே. கறிவேப்பிலையைக் கசக்கினாலும் எலுமிச்சை இலையைக் கசக்கினாலும் மணம் எழுவது ஒரே குடும்பப் பழக்கம்.

மேகாலயாவில் காரோ மலையிலுள்ள நோக்ரெக் காடுகளில் இந்தியக் காட்டு ஆரஞ்சு இன்றும் இயற்கையாக வளர்கிறது. காரோ மக்கள் இதை 'மேமாங் நாரங்' என்று அழைக்கின்றனர். 'ஆவிகளின் பழம்' என்பது பொருள். இதைக் காக்கவே அங்கு எலுமிச்சை இன மரபுவளச் சரணாலயம் அமைக்கப்பட்டது.

ஒரே மரம், ஒரே ஆபத்து

ஒரு தோட்டத்தில் 400 மரங்கள் நின்றாலும், எல்லாம் ஒரே மரத்தின் படிகள் என்றால், மரபு வழியில் அது ஒரே மரம்தான். ஒரு மரத்தைத் தாக்கும் நோய் எல்லா மரத்தையும் தாக்கும். எதிர்த்து நிற்கும் மரம் ஒன்றுகூட அதில் இராது.

1930, 1940களில் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் ஒட்டப்பட்டிருந்த லட்சக்கணக்கான மரங்கள், அசுவினி பரப்பும் டிரிஸ்டிசா நச்சுயிரி நோயால் பட்டுப்போயின. பிரேசில் விவசாயிகள் அதன்பின் ரங்கபூர் எலுமிச்சை வேர்ச்செடிக்கு மாறினர். அது டிரிஸ்டிசாவைத் தாங்கியது. ஆனால் நாட்டின் பெரும்பகுதித் தோட்டங்கள் அந்த ஒரே வேர்ச்செடியை நம்பி நின்ற நிலையில், 1999ஆம் ஆண்டு வாக்கில் 'திடீர்ச் சாவு' என்ற புதிய நோய் அதே ரங்கபூர் வேரில் நின்ற மரங்களைத் தாக்கியது.

அதைவிடக் கொடியது பச்சை நோய் என்னும் கிரீனிங். இது சில்லிட் என்ற சிறு பூச்சியால் பரவும் பாக்டீரியா நோய். அமெரிக்காவின் புளோரிடாவில் 1997-98 பருவத்தில் 24 கோடிப் பெட்டிக்கு மேல் ஆரஞ்சு விளைந்தது. 2005ல் அங்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 2022-23 பருவத்தில் விளைச்சல் 2 கோடிப் பெட்டிக்கும் கீழே இறங்கிவிட்டது. நம் பழனி கீழ்மலையிலும் காபித் தோட்டங்களுக்கு நிழலும் வருவாயும் தந்த கமலா ஆரஞ்சு மரங்கள் நச்சுயிரி, பச்சை நோய் முதலியவற்றின் கூட்டுத் தாக்குதலால் நலிந்து குறைந்து போனதை அப்பகுதி முதியோர் நன்கு அறிவர்.

காட்டு உறவினர் தரும் உதவி

சாகுபடி வகைகளில் இல்லாத எதிர்ப்புத் திறனைக் காட்டு உறவினரிடம் தேட வேண்டும். யார் உறவினர், எவ்வளவு நெருக்கம் என்பதை டி.என்.ஏ. காட்டுகிறது. மூவிலை ஆரஞ்சு என்னும் முட்செடி டிரிஸ்டிசாவையும், வேர் அழுகலையும், நூற்புழுவையும் எதிர்க்கக் கூடியது. அதை இனிப்பு ஆரஞ்சுடன் கலந்து உருவாக்கிய டிராயர், கரிசோ ஆகிய வேர்ச்செடிகள் பல நாடுகளில் பயன்படுகின்றன. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இவை செழிப்பதில்லை.

ஆஸ்திரேலியக் காட்டில் வளரும் விரல் எலுமிச்சை பச்சை நோயைப் பெரிதும் தாங்குகிறது. அதிலிருந்து கிடைத்த ஒரு சிறு புரதப்பொருள் நோய்ப் பாக்டீரியாவைக் கொல்வதாகக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆராய்ச்சியாளர்கள் 2020ல் அறிவித்தனர். இத்தகைய காட்டு இனங்களைச் சாகுபடி வகையோடு கலந்து, நாற்று நிலையிலேயே டி.என்.ஏ. சோதனை செய்து, எதிர்ப்பு மரபணு உள்ளவற்றை மட்டும் வளர்க்கலாம். காய்க்கும்வரை பல ஆண்டுகள் எல்லாச் செடியையும் வளர்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கலந்து பிறந்த நாற்று எது, தாயின் படி எது என்று பிரிக்கவும் இதே சோதனை உதவுகிறது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. விதை மூலம் எலுமிச்சை நாற்று வளர்ப்போர் நாற்றங்காலிலேயே கழிவு எடுக்க வேண்டும். ஒரே சீரான உயரமும் இலையும் கொண்டவை தாயின் படிகள். மிகக் குட்டையானவை, அளவுக்கு மீறி உயர்ந்தவை, இலை வடிவம் மாறியவை ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். வேர்ச்செடி நாற்றுக்கும் இது பொருந்தும்.

2. டிரிஸ்டிசாவும் பச்சை நோயும் பொதுவாக விதை வழியே பரவுவதில்லை. ஒட்டு மொட்டின் வழியே பரவும். நன்றாகக் காய்க்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மரத்திலிருந்து மொட்டு எடுக்கக் கூடாது. நோயற்றது எனச் சோதிக்கப்பட்ட தாய் மரத்தின் மொட்டில் உண்டான ஒட்டுக் கன்றுகளையே பல்கலைக்கழகப் பண்ணைகளிலோ அங்கீகரிக்கப்பட்ட நாற்றங்கால்களிலோ வாங்க வேண்டும். நாக்பூரிலுள்ள மத்திய எலுமிச்சை இன ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய கன்றுகளை உற்பத்தி செய்கிறது.

3. கன்று வாங்கும்போது மேல் வகையின் பெயரோடு வேர்ச்செடியின் பெயரையும் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். ஜம்பேரியும் ரங்கபூர் எலுமிச்சையும் டிரிஸ்டிசாவைத் தாங்கும். ஆனால் நீர் தேங்கும் நிலத்தில், குறிப்பாக ஜம்பேரி, வேர் அழுகலுக்கு எளிதில் இடம் தரும். வடிகால் வசதி அவசியம்.

4. இலையின் நடு நரம்புக்கு இருபுறமும் ஒன்றுக்கொன்று பொருந்தாத மஞ்சள் திட்டுக்கள், கோணலான சிறு காய்கள், அடிப்பகுதி பச்சையாகவே நிற்கும் பழங்கள் ஆகியவை பச்சை நோயின் அடையாளங்கள். துத்தநாகக் குறை என்று எண்ணி நுண்ணூட்டம் தெளித்துக்கொண்டே காலம் கடத்தக் கூடாது. நோய் உறுதியானால் அந்த மரத்தை அகற்றுவதே மற்ற மரங்களைக் காக்கும் வழி.

5. சில்லிட் பூச்சி இளந்தளிரில்தான் முட்டையிடும். தளிர் விடும் பருவத்தில் தோட்டத்தைக் கவனித்து, வேளாண் அலுவலரின் பரிந்துரைப்படி கட்டுப்படுத்த வேண்டும். இப்பூச்சி கறிவேப்பிலைத் தளிரிலும் பெருகும். எனவே எலுமிச்சைத் தோட்டத்தை ஒட்டிக் கறிவேப்பிலை பயிரிடுவதைத் தவிர்ப்பது நல்லது.

6. வீட்டுக் கொல்லையிலும் மலைத் தோட்டத்து ஓரத்திலும் நிற்கும் பழைய நாரத்தை, கடாரங்காய், பம்ப்ளிமாஸ் மரங்களை, விலை போகவில்லை என்று வெட்டிவிட வேண்டாம். அருகில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திற்குத் தெரிவித்தால் இலை மாதிரி எடுத்துச் சோதிக்க வாய்ப்புண்டு.

இன்று சந்தையில் குவியும் எலுமிச்சை அனைத்தும், எப்போதோ ஒரு காட்டு மரத்தின் பூவில் நாரத்தையின் மகரந்தம் விழுந்ததால் கிடைத்தது. அந்தக் காட்டு மரமும் நாரத்தையும் அன்று இல்லாதிருந்தால் இந்தப் பயிரே இல்லை. நாளை வரும் நோயைத் தாங்கும் எலுமிச்சைக்கும் ஒரு தாய், ஒரு தந்தை வேண்டும். அவை எந்தக் காட்டில், எந்தக் கொல்லையில் நிற்கின்றன என்பது தெரியும்வரை, நிற்கும் மரங்களைக் காப்பாற்றி வைப்பது விவசாயிகளின் கையில் இருக்கிறது.